சுவைகள் ஆறா, ஏழா? உமாமியும் சென்னையின் காரமும்

உணவைப் பற்றி எழுதுவோரிடையே அண்மைக் காலமாக வழங்கிவரும் குழப்பங்களுள் ஒன்று, தித்திப்பல்லாத பதார்த்தங்களின் ருசி முழுவதையும் 'உமாமி' என்னும் ஜப்பானியப் பெயரில் அடக்கிவிடுவதாகும். ரசம் உமாமி, சாம்பார் உமாமி, முறுக்கும் உமாமி என்று தாராளமாகப் பட்டம் சூட்டுகிறார்கள். மறுபுறத்தில், நம் முன்னோர் வகுத்த அறுசுவைக் கணக்கில் அதற்கு இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால், உமாமி என்பதே வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிடுவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரு கட்சியாரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. தித்திப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நாம் வைத்து உண்ணும் பதார்த்தங்களின் ருசி எத்தகையது, உமாமி என்பது எத்தகையது, இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பவற்றை, நாம் நன்கறிந்த சென்னைச் சமையலையே சாட்சியாக வைத்துக்கொண்டு விசாரிப்போம்.

மாலை வேளையில் வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கும் முறை மயிலாப்பூரில் மூன்று சொற்களில் அடங்கிவிடும்: இனிப்பு, காரம், காபி. தியாகராய நகரின் பட்சணக் கடை எதற்குள் நுழைந்தாலும், 1982-இல் அடையாறு காந்தி நகரில் தொடங்கிய கிராண்ட் ஸ்வீட்ஸுக்குள் நுழைந்தாலும், கண்ணாடிப் பெட்டிகள் இந்தப் பாகுபாட்டின்படியே அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பக்கம் மைசூர்பாகும் லட்டும் பாதுஷாவும். மறுபக்கம் தேங்குழல், தட்டை, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி, காராசேவு, மிக்ஸர். இரண்டாம் பக்கத்தில் உள்ளவை அனைத்துக்கும் 'காரம்' என்றே பெயர். ஆனால் அரிசி மாவும் வறுத்தரைத்த உளுத்தமாவும் சீரகமும் உப்பும் வெண்ணெயும் சேர்த்துப் பிழியும் தேங்குழலில் மிளகாய் அறவே கிடையாது; அதைக் கடித்த குழந்தைகூடத் தண்ணீர் கேட்டு அழுவதில்லை. அப்படியிருந்தும் அது காரம்தான். ஆகவே காரம் என்று கடைக்காரர் கூறுவது நாவில் எரியும் உறைப்பை அன்று. உப்பிட்டது, தித்திப்பில்லாதது, இனிப்புக்குப் பின் வாயைச் சமனப்படுத்துவது என்னும் ஒரு வகுப்பையே. மேல்நாட்டார் விருந்தின் முடிவில் வரும் தித்திப்பைத் தனியே ஒதுக்கி, மற்றவற்றை ஒரு தொகுதியாக வைத்துப் பேசுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். அது ஒரு தனிச் சுவையின் இலக்கணத்தைச் சொல்வதில்லை. பந்தியில் ஒரு பதார்த்தம் அமரும் இடத்தைச் சொல்கிறது.

உமாமியின் சரித்திரம் வேறு விதமானது. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியராக விளங்கியவரும், அதற்கு முன் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டிடம் பயின்றவருமாகிய கிகுனே இகேடா, தம் நாட்டார் அன்றாடம் பருகும் 'டாஷி' என்னும் தெளிந்த சாற்றில், தித்திப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கனுள் எதிலும் அடங்காத ஒரு சுவை இருப்பதையும், அதுவே தக்காளியிலும் இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் மங்கலாகத் தென்படுவதையும் கவனித்தார். 1908-ஆம் ஆண்டில், டாஷிக்கு ஆதாரமான 'கொம்பு' என்னும் கடற்பாசியைக் காய்ச்சி, அதில் கரைந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, சுமார் 12 கிலோ பாசியிலிருந்து 30 கிராம் அளவுக்குக் குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அந்த அமிலம் உலகத்துக்குப் புதியதன்று. 1866-லேயே ரிட்ஹவுஸன் என்னும் ஜெர்மானியர் கோதுமையின் பசைப்புரதத்திலிருந்து அதைப் பிரித்துப் பெயரிட்டிருந்தார். அதன் உப்பாகிய குளூட்டமேட்டே அந்தச் சுவைக்கு மூலம் என்று நிறுவியதுதான் இகேடாவின் சாதனை. மறு ஆண்டே, ஸுஸுகி என்னும் தொழிலதிபரின் முயற்சியால், அது 'அஜினமோட்டோ' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. 1913-இல் இகேடாவின் சீடர் ஷின்டாரோ கொடாமா, உலர்த்திய சூரை மீனில் இனோசினேட் என்னும் மற்றொரு மூலத்தைக் கண்டார். 1950-களின் பிற்பகுதியில் அகிரா குனினாகா, குவானிலேட் என்னும் மூன்றாவதைச் சேர்த்ததோடு, குளூட்டமேட்டுடன் இவற்றுள் ஒன்று கலந்தால் சுவை வெறுமனே கூடாமல் பன்மடங்காகப் பெருகுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இவ்வளவுக்குப் பின்னும் மேல்நாட்டு விஞ்ஞானிகள் உமாமியைத் தனிச் சுவையாக ஒப்புக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. இகேடாவின் மூலக் கட்டுரை முழுமையாக ஆங்கிலத்தில் வெளிவந்ததே 2002-இல்தான். சர்க்கரையையும் உப்பையும் போல உமாமியைத் தனியே எடுத்து நாவில் வைத்துக் காட்ட நம்மிடம் பழக்கமான பதார்த்தம் இல்லை என்பதும், அது தனித்து நிற்கும்போது அத்தனை இனிமையாகவும் இராது என்பதும் தாமதத்துக்குக் காரணங்கள். முடிவில் வழக்கைத் தீர்த்து வைத்தது நாவின் உடற்கூறுதான். 2000-ஆம் ஆண்டில் மயாமி பல்கலைக்கழகத்தார், நாவின் சுவை அரும்புகளில் குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரத ஏற்பியை அடையாளம் காட்டினர். 2002-இல் டி1ஆர்1, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்து உமாமிக்குரிய ஏற்பியாக வேலை செய்வதும் தெளிவாயிற்று. இங்கே சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு: தித்திப்பை அறியும் ஏற்பியும் இதே டி1ஆர்3 என்னும் பாதியைக் கொண்டதே. காரம் என்னும் வகுப்பைத் தித்திப்புக்கு எதிரியாக நிறுத்துவது நம் கடை வழக்கு. உமாமியோ நாவின் கணக்கில் தித்திப்புக்கு உடன்பிறப்பு. தாய்ப்பாலில் கட்டற்று மிதக்கும் அமினோ அமிலங்களுள் முதலிடம் குளூட்டமேட்டுக்கே என்பதையும், பசும்பாலில் இருப்பதைவிட அது பன்மடங்கு அதிகம் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணினால், குழந்தை முதன்முதல் அறியும் ருசியில் இவ்விரண்டும் கூடியே இருக்கின்றன என்பது விளங்கும். காரமும் உமாமியும் ஒன்றே என்பார்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இனி, நம் சாஸ்திரக்காரர்களின் கட்சியைப் பார்ப்போம். சுவைகள் இத்தனை என்று எண்ணுவதில் தகராறு இந்நாட்டுக்குப் புதிதன்று. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்து 26-ஆம் அத்தியாயம் இந்த விவாதத்துக்கென்றே ஏற்பட்டது போல அமைந்திருக்கிறது. சைத்ரரத வனத்தில் கூடிய முனிவர்களுள் பத்ரகாப்யர் சுவை ஒன்றே என்கிறார். அடுத்தடுத்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று அபிப்பிராயங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. நிமி என்பவர் சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பாகிய க்ஷாரத்தைக் கூட்டி ஏழு என்கிறார். படிசர் இன்னதென்று வெளிப்படாத சுவை ஒன்றையும் சேர்த்து எட்டு என்கிறார். காங்காயனரோ சுவைக்குக் கணக்கே இல்லை என்று முடித்துவிடுகிறார். சபையை நடத்திய ஆத்ரேயர் இவ்வளவையும் கேட்டபின் ஆறு என்று நிர்ணயம் செய்கிறார். அவர் க்ஷாரத்தைத் தள்ளுவதற்குக் கூறும் காரணங்களே நமக்கு முக்கியமானவை. க்ஷாரம் செய்கையினால் உண்டாக்கப்படும் ஒரு திரவியம். பல சுவைகள் கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட இந்திரியங்களுக்கு விஷயமாவது. ஆதலால் அது சுவையாகாது என்பது அவர் வாதம். சுவையென்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது நாவுக்கு மட்டும் புலனாகவேண்டும், மற்றவற்றின் கலவையாக இருக்கலாகாது என்னும் இந்த அளவுகோல் இன்றைக்கும் பழுதில்லாதது.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பார்த்தால் நம் இரு கட்சியாருக்கும் விடை கிடைத்துவிடுகிறது. கடைக்காரரின் காரம் பல பொருள் கூடிச் செய்கையினால் ஆவது, மூக்குக்கும் பல்லுக்கும் காதுக்குங்கூட விஷயமாவது, அது சுவையாகாது. உமாமியோ வேறு சுவைகளின் கலவையால் ஆகாதது, நாவிலேயே தனக்கென ஓர் ஏற்பியை உடையது, அது சுவையாகும். இதே அளவுகோல் நம் ஆறனுள் இரண்டின்மேல் சற்றுக் கடுமையாகவே விழுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கார்ப்பு என்பது சுவை அரும்பின் வேலையன்று. மிளகாயிலுள்ள காப்ஸைசின், சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பை எந்த ஏற்பியின் வழியாகத் தூண்டுகிறது என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸ் கண்டறிந்தார். அந்த ஆராய்ச்சி வரிசைக்கே 2021-இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கியவருக்கு அதைப் பேராசிரியர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துவர்ப்போ, உமிழ்நீரின் புரதங்களைக் காயின் துவர்ப்பொருள் திரளச் செய்வதால் வாய் வறண்டு பற்றுவது போலத் தோன்றும் ஒரு ஸ்பரிசம். ஆனால் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் சுவையை வகுத்தது நாவின் நரம்பை எண்ணுவதற்காக அன்று. மண்ணும் நீரும் கூடியது இனிப்பு, காற்றும் தீயும் கூடியது கார்ப்பு என்று பூதங்களோடு பொருத்தி, உண்டபின் உடலில் இன்ன விளைவு என்று மருந்துக்கும் பத்தியத்துக்கும் வழிகாட்டுவதற்காக. அந்தக் கணக்குக்குப் பயன் வேறு, இந்தக் கணக்குக்குப் பயன் வேறு. ஆகவே உமாமியை ஏழாவதாக அறுசுவையின் வாலில் ஒட்டுவதும் பொருந்தாது. அறுசுவையைக் காட்டி உமாமியை மறுப்பதும் பொருந்தாது.

இப்போது அடுப்படிக்கு வருவோம். சென்னையில் காரவகையின் ருசி உமாமியின்றியே எவ்வளவு தூரம் நிற்கக்கூடும் என்பதற்கு மயிலாப்பூர் அந்தணர் வீட்டுத் திவசச் சமையலைக் காட்டிலும் சிறந்த பரீட்சை கிடைப்பதரிது. அன்றைக்குத் தக்காளி கூடாது, வெங்காயம், பூண்டு கூடாது, மிளகாய்க்குப் பதில் மிளகு, பெருங்காயத்தையும் விலக்கிவிடுவர், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலிய சீமைக் காய்கள் வாசற்படி ஏறா. குடும்பத்துக்குக் குடும்பம் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் பொதுவிதி இதுதான். எஞ்சியவை வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பாசிப்பருப்பு, பிரண்டைத் துவையல், உளுந்து வடை, எள்ளுருண்டை, மிளகு சீரகம் அரைத்துவிட்ட குழம்பு, நெய். இவற்றுள் கட்டற்ற குளூட்டமேட்டை வாரி வழங்கும் பொருள் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், நெய்யில் வறுபட்ட மிளகின் மணமும், பொன்னிறமான வடையின் மொறுமொறுப்பும், சேப்பங்கிழங்கின் வழவழப்பும், உப்பின் அளவும் கூடி அந்தச் சாப்பாட்டுக்குத் தந்திருக்கும் ருசியைப் புகழாதவர் அவ்வீடுகளில் இல்லை. வருஷத்தில் ஒரு நாள்தான் அது கிடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வோர் பலர். காரவகையின் ருசிக்கு உமாமி ஓர் அங்கமாகலாமே தவிர, உயிர்நிலை அன்று என்பதற்கு இதுவே போதுமான பிரமாணம்.

அந்த அங்கம் வந்து சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை ரசத்தில் காணலாம். நன்கு பழுத்த நாட்டுத் தக்காளியை, விதையைச் சூழ்ந்த கூழோடு கையால் பிசைந்து, நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரில் விட்டு, உப்பும் பொடியும் பெருங்காயமும் சேர்த்து வெள்ளீயச் சொம்பில் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுகிறார்கள். பிறகு பருப்புத் தண்ணீரால் விளாவி, நுரை கூடிப் பொங்கி வரும் தருணத்தில் இறக்கி, நெய்யில் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டிக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறார்கள். அந்தத் தெளிவை ஒரு தம்ளரில் வாங்கி, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் பருகிப் பாருங்கள். பெருங்காயம் மறைந்துவிடும், தாளிப்பு மறைந்துவிடும், கொத்தமல்லி இருந்த இடம் தெரியாது. புளிப்பும் உப்பும் மிளகின் எரிவும் மட்டும் நிற்க, அவற்றின் அடியில் நாவெங்கும் பரவி, உமிழ்நீரை ஊறச்செய்து, விழுங்கிய பின்னும் சற்றுத் தங்கும் ஒரு நிறைவு தென்படும். தக்காளி தந்த உமாமி அதுதான். மூக்கை விட்டவுடன் மறைந்தவையெல்லாம் ஒருங்கே திரும்பி வரும், 'ஆஹா, ரசம்!' என்று நாம் சொல்வது அப்போதுதான். தக்காளி பழுக்கப் பழுக்கக் குளூட்டமேட் ஏறுகிறது. சதையைவிட விதைக்கூழில் அது மிகுதி. விதையை நீக்கிவிட்டுத் தக்காளியை நறுக்கும் ஹோட்டல் நாகரிகம் ரசத்துக்கு ஆகாது என்று பாட்டிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பருப்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். துவரம்பருப்பின் புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் ஏராளம் என்பதைக் கொண்டு, சாம்பாரின் உமாமிக்குப் பருப்பே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். புரதத்தில் கட்டுண்டு கிடக்கும் அமிலத்தை நா அறியாது. கட்டு அவிழ்ந்ததையே அறியும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அந்தக் கட்டு பெரிதும் அவிழ்வதில்லை. ஜப்பானியர் சோயா மொச்சையைப் பூஞ்சணத்தின் துணையால் மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் சோயாச் சாறும் மிஸோவும் செய்வது அதற்காகவே. ஓர் இரவு புளிக்கும் நம் இட்லி மாவு முக்கியமாகப் புளிப்பையும் உப்பலையும் பெறுகிறதே ஒழிய, அத்தகைய புரதச் சிதைவை எய்துவதில்லை. பருப்பு சாம்பாருக்குத் தருவது திண்மை, குழைவு, வயிற்றுக்கு நிறைவு. அவையும் காரவகையின் அங்கங்களே, உமாமி அல்ல.

உமாமியைக் கைநிறையப் பிடித்த சமையல் சென்னையில் இல்லையோ என்றால், கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து கிழக்கே நடந்தால் எட்டிவிடும் நொச்சிக்குப்பத்திலும், அடையாற்று முகத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பத்திலும் அது உண்டு. மீன் இறந்தபின் அதன் தசையிலுள்ள சக்திப்பொருள் சிதைந்து இனோசினேட்டாகிறது. நெத்திலி போன்ற சிறு மீனை ஜப்பானியர் வேகவைத்து உலர்த்துகிறார்கள். நம் கரையில் வெயிலில் பரப்பிக் கருவாடாக்குகிறார்கள். ஆகையால் இனோசினேட் நிற்கும் அளவு பக்குவத்துக்குத் தக்கபடி மாறும். அந்தக் கருவாட்டை வெந்நீரில் அலசித் தலையைக் கிள்ளிவிட்டு, கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் போட்டுத் தக்காளி தாராளமாகக் கரைந்த புளிக்குழம்பில் இடும்போது, தக்காளியின் குளூட்டமேட்டும் மீனின் இனோசினேட்டும் சந்திக்கின்றன. டாஷியில் கடற்பாசியும் சூரையும் சந்திப்பது போன்ற அதே சந்திப்பு இது; குனினாகா கண்ட பெருக்கமும் இதுவே. கருவாட்டுக் குழம்பு இருந்தால் சோறு எவ்வளவு என்று தெரியாமல் இறங்கும் என்று குப்பத்தார் சொல்வதற்கு அதன் மணம் மட்டும் காரணமில்லை.

அஜினமோட்டோவைப் பற்றிய பீதியையும் இங்கே எடை போடவேண்டும். 1968-இல் ராபர்ட் ஹோ மான் குவோக் என்னும் மருத்துவர், சீன உணவு உண்டபின் தமக்குக் கழுத்து மரத்துப்போவதாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, சோயாச் சாறு, சமையல் மது, குளூட்டமேட், உப்பு என்று பல காரணங்களை ஐயுற்றார். உலகம் அவற்றுள் குளூட்டமேட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. பிற்பாடு, உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எது எதென்று தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்தத் தொல்லை ஒழுங்காகத் திரும்பவில்லை. 1987-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, அதற்கு எண்ணளவில் வரம்பு விதிக்கத் தேவையில்லை என்றது. 2017-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று எச்சரிக்கையாக ஒரு வரம்பைக் குறித்தது. 2015-இல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் ஈயத்தோடு இதுவும் பேச்சுக்கு வந்தது. 'சேர்க்கப்படவில்லை' என்று அட்டையில் இருக்க, உள்ளே குளூட்டமேட் இருந்தது எப்படி என்பது கேள்வி. கோதுமையிலிருந்தும் வெங்காயப் பொடியிலிருந்தும் இயல்பாகவே வரக்கூடியது அது என்பது கம்பெனியின் பதில். தமிழ்நாட்டு அரசும் அந்த ஜூன் மாதத்தில் தற்காலிகத் தடை விதித்தது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருந்த தடையை ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் நீக்கியது. குளூட்டமேட்டைப் பொறுத்தவரை அந்த வழக்கு நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: தக்காளியிலிருந்து வந்ததற்கும் டப்பாவிலிருந்து வந்ததற்கும் நாவில் வேற்றுமை கிடையாது, வேற்றுமை உள்ளது அளவிலும், அதைக் கொட்டுகிறவரின் நோக்கத்திலுமே.

நோக்கத்தைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் இரும்புச் சட்டியில் சோற்றைப் புரட்டும்போது, வெள்ளைத் துகளை ஒரு கரண்டி எறிவது, பழையதும் சாரமற்றதுமான பண்டத்துக்கு ருசி இருப்பதாகக் காட்டுவதற்கானால், பழி துகளுக்கன்று, சமையலுக்கு. அதே துகளில் சோடியம் நூற்றுக்கு 12 பங்கு. சாதாரண உப்பில் 39 பங்கு. உப்பில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சிறிதளவு சேர்த்தால், மொத்தச் சோடியம் குறைந்தும் ருசி குறையாமலிருக்கும் என்பதால், இரத்த அழுத்தக்காரருக்கு இது ஓர் உபகாரமாகவும் ஆகலாம். 'அஜினமோட்டோ சேர்ப்பதில்லை' என்று பலகை மாட்டும் ஹோட்டல்கள், எவ்வளவு உப்புச் சேர்க்கிறோம் என்றும் எழுதி வைத்தால் வாடிக்கையாளருக்கு அதிக நன்மை.

இவ்வளவும் ஆராய்ந்தபின் எய்தும் முடிவு இதுதான். காரம் என்று நாம் வழங்குவது நாவும் மூக்கும் பல்லும் தோலும் கூடிச் செய்யும் ஒரு வகுப்பு. உமாமி நாவுக்கு மட்டும் உரிய ஒரு சுவை. முன்னது பின்னது இன்றியும் சிறக்கும். பின்னது முன்னதைச் செழிப்பாக்கும். ஒன்றை மற்றொன்றாகச் சொல்வது பிழை. நம் சமையலைப் புகழ்வதற்கு அதில் இல்லாத உமாமியை இருப்பதாகக் கூறவேண்டிய அவசியம் இல்லை; அது இருக்கிற இடத்தில் மறைக்கவேண்டிய வெட்கமும் இல்லை. இனி உமாமியைப் பற்றி எழுதப் புகுவோர், எழுதுவதற்கு முன் அந்தப் பதார்த்தத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் உண்டு பார்த்துவிட்டு எழுதுவார்களாக.